ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு: பிரிட்டனின் பெரிய இசையரங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் பெரிய இசையரங்குகளை நடத்தும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நீங்கள் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டை எடுத்துவைத்து இந்த நாட்டின் சின்ன இசை அரங்குகளுக்குக் கொடுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன். பாடகர் விரும்பினால் தருகிறோம், நிகழ்ச்சியை ஏற்பாடு செய்யும் ப்ரோமோட்டர் சம்மதித்தால் பார்க்கலாம் என்று இழுக்காமல், உங்கள் மேடையில் நடக்கும் எல்லா ராக், பாப் நிகழ்ச்சிகளுக்கும் இதைப் பொது விதியாக வையுங்கள்.

இது உங்களுக்குப் புதிய கோரிக்கை இல்லை. சின்ன இசை அரங்குகளுக்காகக் குரல் கொடுக்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு பல வருடங்களாக இதைக் கேட்டு வருகிறது. 2024 மே மாதம் நாடாளுமன்றத்தின் பண்பாடு, ஊடகம், விளையாட்டுக் குழு தன் அறிக்கையில் இதையே பரிந்துரைத்தது. அதே வருடம் நவம்பரில் அரசாங்கமும், சட்டம் போடும்வரை காத்திருக்காமல் இசைத்துறை தானாகவே இதைச் செய்ய வேண்டும் என்று சொன்னது. கணக்கு விவரங்கள் எல்லாம் உங்கள் மேஜையில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நானும் கீழே எடுத்துச் சொல்லப்போகிறேன். ஆனால் உங்கள் இருக்கையில் உட்கார்ந்து பார்த்த ஒருத்தியின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. லண்டனில் வாழும் தமிழர்கள் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள். 2025 மார்ச் 8 அன்று ஹாமர்ஸ்மித் அப்பல்லோவில் இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது அந்த டிக்கெட்டுகளை யார் வாங்கினார்கள் என்று உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். இதைப் படிக்கிற தமிழர்களும் என்னோடு சேர்ந்து உங்களிடம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

2022 நவம்பரில் லண்டனின் ஓ-டூ அரங்கத்தில் ஃப்ளோரன்ஸ் அண்ட் தி மெஷின் இசைக்குழுவைப் பார்த்தேன். அதுவரை அவர்களை வீட்டில் ஹெட்போனில் மட்டும் கேட்டவள் நான். பாட்டு பிடிக்கும், குரல் பிடிக்கும், அவ்வளவுதான். அவர்கள் பாதி நாடகக் குழு என்பது நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. தரையைத் தொடும் நீண்ட அங்கி, வெறுங்கால், சிவந்த கூந்தல், பக்கவாட்டில் யாழ் போன்ற ஒரு பெரிய ஹார்ப், தலைக்கு மேல் சரவிளக்குகள். பழைய மாளிகை ஒன்றில் பேய் விருந்து நடப்பதைப் போல மேடையை அமைத்திருந்தார்கள். பாடகி ஃப்ளோரன்ஸ் வெல்ச் ஓடுகிறார், சுழல்கிறார், திடீரென்று நின்றுவிடுகிறார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேசும்போது வெட்கப்படும் பெண்ணாக இருக்கிறார். அடுத்த பாட்டின் முதல் சொல்லில் பூசாரி போல மாறிவிடுகிறார். அந்த மாற்றத்துக்கு ஒரு நொடிதான் ஆகிறது.

அப்புறம் அவருடைய பழைய பாட்டு ஒன்றின் நடுவில் இசையை நிறுத்திவிட்டு, எல்லோரும் கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள் என்று கேட்டார். அவர் பல ஊர்களில் வழக்கமாகக் கேட்பதுதான் இது. ஆனால் எங்கள் பகுதியில் நடந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. வரிசை வரிசையாகத் திரைகள் அணைந்தன. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள் என்றார், பார்த்தோம். அவர் கை காட்டியதும் மொத்த அரங்கமும் ஒரே சமயத்தில் குதித்தது. என் இருக்கைக்கு அடியில் கான்கிரீட் அதிர்ந்தது. பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா முன்பின் தெரியாத என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நிகழ்ச்சி முடியும்வரை எங்கள் வரிசையில் யாரும் கைபேசியைத் திரும்ப எடுக்கவில்லை.

அன்று அவர் எலும்பு முறிந்த காலோடு ஆடியிருக்கிறார் என்பது மறுநாள்தான் தெரியவந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மிச்ச நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்தார்கள்.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓ-டூவில் கிட்டத்தட்ட 20,000 பேர் உட்காரலாம். விளக்குகளை வாடகைக்கு எடுக்க முடியும், எல்.ஈ.டி. திரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியும், ஒலியமைப்புக்கு உலகத்திலேயே சிறந்த ஆட்களை அழைக்க முடியும். இத்தனை பேரை ஒரு சொல்லில் கைபேசியைக் கீழே வைக்கச் செய்யும் அந்தத் திறமையை நீங்கள் எங்கே போய் வாங்குவீர்கள்? அது உங்கள் அரங்கத்துக்கு வரும்போதே முழுதாக உருவாகி வருகிறது. அது வேறு எங்கோ பிறந்து, வேறு யாருடைய செலவிலோ வளர்ந்தது.

நாடகத்தன்மை உள்ள இண்டி பாப் குழுக்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கிடார் வாசிப்பைப் படுக்கையறையில் பழகிக்கொள்ளலாம். பாட்டைக் கணினியில் செதுக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பாத்திரமாக மாறி, அந்நியர்களின் கண்ணைப் பார்த்துப் பாடுவதைத் தனியாகப் பழக முடியாது. முன்னால் ஆள் வேண்டும். அதுவும் மிக அருகில் வேண்டும். இந்த உடை சிரிப்பை வரவழைக்கிறதா, இந்த மௌனம் ஒரு நொடி கூடிவிட்டதா, கூட்டத்துக்குள் இறங்கினால் ஜனங்கள் ஒதுங்குகிறார்களா, நெருங்குகிறார்களா என்பதையெல்லாம் மூன்றடி தூரத்தில் தெரியும் முகங்கள்தான் சொல்லித்தரும். நூறு பேர் முன்னால் தோற்றால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். இருபதாயிரம் பேர் முன்னால் யாரும் புதிதாகச் சோதித்துப் பார்க்கத் துணிய மாட்டார்கள்.

ஃப்ளோரன்ஸின் கதையே லண்டனின் சின்ன இடங்களிலிருந்துதான் தொடங்குகிறது. 2006-ல் ஒரு கிளப்பின் கழிவறையில் மெய்ரெட் நாஷ் என்பவர் முன் நின்று அவர் பாடிக்காட்டினார். பாட்டைக் கேட்ட நாஷ் பின்னால் அவருடைய மேலாளர் ஆனார். முதல் ஆல்பம் 2009-ல்தான் வந்தது. நடுவில் இருந்த வருடங்களில் அவர் லண்டனின் பப்புகளிலும் கிளப்புகளிலும் பாடினார்.

அது பழைய காலம் என்று நீங்கள் நினைக்கலாம். சரி, அண்மைக் கதையையே எடுத்துக்கொள்வோம். தி லாஸ்ட் டின்னர் பார்ட்டி என்ற ஐந்து பேர் கொண்ட குழு 2021-ல் தன் முதல் நிகழ்ச்சியை கிழக்கு லண்டனில் ஸ்டெப்னியில் இருக்கும் ஜார்ஜ் டாவர்ன் பப்பில் நடத்தியது. இடுப்பை இறுக்கும் கோர்செட்டும் லேஸும் ரிப்பனுமாக உடுத்துவார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கருப்பொருள் கொடுத்து, ரசிகர்களையும் அதற்கேற்ப உடுத்தி வரச் சொல்வார்கள். தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டனின் விண்ட்மில் பப்பில் அவர்கள் பாடியதை ஒரு ரசிகர் படம்பிடித்து இணையத்தில் போட, அதைப் பார்த்துத்தான் இசைத்துறை அவர்களைத் தேடி வந்தது. ஒரு பாட்டுகூட வெளியிடாத நிலையில் 2022 கோடையில் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சி நாளில் மேடையேறினார்கள். 2024 பிப்ரவரியில் வெளிவந்த முதல் ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

விண்ட்மில்லுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போகவில்லை என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1816-ல் கட்டிய காற்றாலை ஒன்று பக்கத்தில் இன்னும் நிற்கிறது, பெயர் அதிலிருந்து வந்தது. குடியிருப்புகளுக்கு நடுவில் தட்டையான கூரையோடு இருக்கும் ஒரு சாதாரண பப் அது. அந்தக் கூரையில் வருடக்கணக்காக ஒரு நாய் காவலிருந்து, அதுவே பிரபலமாகிவிட்டது. உள்ளே 150 பேர் நின்றால் நிறைந்துவிடும். பிளாக் மிடி, ஸ்குவிட், பிளாக் கன்ட்ரி நியூ ரோட், கோட் கேர்ள் எல்லாம் அந்த மேடையிலிருந்து கிளம்பிய இசைக்குழுக்கள். பெரிய கம்பெனிகள் கோடி கொட்டியும் கண்டுபிடிக்க முடியாததை ஒரு பப் தொடர்ந்து கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

என் அக்கா மகளும் ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கிறாள். அவர்கள் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்த அங்கிகளோடு பாடுவார்கள். இதைப் படித்தால் என்னைக் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் சொல்கிறேன்: முதல் நிகழ்ச்சி ரொம்பச் சுமார்தான். பாடும் பெண் கண்ணை மூடிக்கொண்டே பாடி முடித்தாள். அந்த அரங்கை நடத்துகிறவர் அவர்களைத் திரும்ப அழைத்தார். ஒலிப்பெட்டியைச் சரிசெய்யும் இளைஞர், மைக்கை இப்படிப் பிடி, பாட்டு முடிந்ததும் உடனே திரும்பாதே, ஜனங்கள் கைதட்டட்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச மாதம் கழித்துப் பார்த்தபோது அதே பெண் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு பாட்டை முழுதாகப் பாடினாள். நின்றவர்கள் வட்டமாக விலகி வழிவிட்டார்கள். இதைச் சொல்லிக்கொடுத்ததற்கு அந்த இளைஞருக்கோ அந்த அரங்குக்கோ தனியாக யாரும் பணம் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட இடங்கள்தான் வரிசையாக மூடப்படுகின்றன. மியூசிக் வென்யூ டிரஸ்ட்டின் கணக்குப்படி 2023-ல் மட்டும் 125 சின்ன அரங்குகளில் நேரடி இசை நின்றுபோனது. பாத் நகரத்தில் 45 வருடம் நடந்த மோல்ஸ் கிளப் அந்த வருடக் கடைசியில் மூடியது. ஓயாசிஸும் ரேடியோஹெட்டும் எட் ஷீரனும் பாடிய மேடை அது. 2024-ல் இந்த அரங்குகளின் சராசரி லாபம் 0.48 சதவீதம். நூறு பவுண்டு வியாபாரத்தில் ஐம்பது பென்ஸ்கூட நிற்கவில்லை. நூற்றுக்கு 43.8 அரங்குகள் நஷ்டத்தில் ஓடின. பார் வருமானத்தையும் கைப்பணத்தையும் போட்டு அவை நேரடி இசையைத் தாங்கிய தொகை அந்த ஒரே வருடத்தில் 16.2 கோடி பவுண்டு. அதற்கு மேல் 2025 ஏப்ரலில் கட்டடத்துக்குக் கட்டும் வணிக வரியில் கிடைத்த சலுகை 75 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது, ஊழியர்களுக்காக முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீடும் ஏறியது. மின்கட்டணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, உங்களுக்கும் வருகிறது.

இதில் என்னை அதிகம் வருத்துவது இன்னொரு கணக்கு. 1994-ல் ஒரு வளரும் குழு பயணம் கிளம்பினால் சராசரியாக 22 இடங்களில் பாடும். 2024-ல் அது 11 ஆகிவிட்டது. சின்னக் குழுக்களின் பயணப் பாதையில் அப்போது 28 ஊர்கள் இருந்தன. 2024-ல் 12தான். பாதியாகக் குறைந்தது பயிற்சி. ஒரு பாடகி கூட்டத்தின் முன் கண்ணைத் திறக்கக் கற்றுக்கொள்வதற்கு இருந்த இரவுகள் பாதியாகிவிட்டன. இதன் விளைவு உங்கள் அரங்கத்தில் நாளைக்கே தெரியாது. பத்து வருடம் கழித்து, மேடையை நிரப்ப ஆள் இல்லாமல் பழைய பெயர்களையே மறுபடி மறுபடி அழைக்கும்போது தெரியும். இப்போதே உங்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தும் இருக்கிறேன். அவர்களுக்குப் பிறகு யார் என்பதுதான் கேள்வி.

இப்போது ஒரு பவுண்டு என்ன செய்யும் என்று பார்ப்போம். 20,000 பேர் நிறைந்த ஓர் இரவில் 20,000 பவுண்டு சேரும். ஒரு சின்ன அரங்கில் 150 பேர், ஆளுக்குப் பத்து பவுண்டு என்று வைத்துக்கொண்டால், முழுதாக விற்றுத் தீர்ந்த இரவின் டிக்கெட் வசூல் 1,500. உங்கள் ஓர் இரவின் ஒற்றைப் பவுண்டு, அவர்களுடைய பதின்மூன்று நிறைந்த இரவுகளுக்குச் சமம்.

உங்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்புகளையும் கேட்டிருக்கிறேன். ரசிகர்கள் ஏற்கெனவே அதிகம் கொடுக்கிறார்கள், இன்னும் சுமத்தக் கூடாது என்கிறீர்கள். ரசிகர்கள் மேல் காட்டும் இந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் டிக்கெட் வாங்கும் எவரும் சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம், அனுப்பும் கட்டணம் என்று விலை ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்கள்தான். அந்தக் கட்டணங்களை ஏற்றும்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதோடு, இந்தச் சுமை ரசிகர் தலையில் விழக் கூடாது என்று நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கிறது. இருக்கிற விலைக்குள்ளிருந்து எடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். ஆனால் கூடுதலாகத்தான் போட முடியும் என்றால் போடுங்கள், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

சின்ன அரங்குகளில் சில மோசமாக நடத்தப்படுகின்றன என்றும் ஒரு பேச்சு உண்டு. 2024 ஏப்ரலில், மான்செஸ்டரில் 23,500 பேர் கொள்ளும் கோ-ஆப் லைவ் அரங்கம் திறக்கவிருந்த நேரத்தில், அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே பிபிசியிடம் அப்படிச் சொன்னார். அரங்கத் திறப்பு தள்ளிப்போனது, அவரும் சில நாட்களில் பதவி விலகினார். மோசமாக நடத்தப்படும் இடம் எந்தத் தொழிலிலும் இருக்கும். அரை சதவீத லாபத்தில் பல வருடம் கதவைத் திறந்துவைத்திருப்பவர்களைப் பார்த்து நிர்வாகம் தெரியாதவர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களைவிடக் கெட்டியாகச் செலவைப் பிடிப்பவர்களை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது மறுப்பு, இதைக் கலைஞர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்பது. கலைஞர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். எண்டர் ஷிகாரி என்ற ராக் குழு 2024-ல் தன் பயணத்தின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டு கொடுத்தது. பாடகர் சாம் ஃபெண்டர் தன் பெரிய அரங்கப் பயணத்தில் கொடுத்தார். கோல்ட்ப்ளே குழு 2025-ல் வெம்ப்ளியிலும் ஹல்லிலும் நடந்த நிகழ்ச்சிகளில் தன் வருமானத்தில் பத்து சதவீதத்தைக் கொடுப்பதாக அறிவித்தது. நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் ஒரு நாட்டின் இசைக்கு வேர் விடும் இடங்கள், இந்த வருடம் யார் பயணம் போகிறார்கள், அவர்களுக்கு இரக்கம் இருக்கிறதா என்பதை நம்பி இருக்க முடியாது. கலைஞர் மாறுவார், மேலாளர் மாறுவார். கட்டடம் மாறாது. அதனால் கட்டடத்தை நடத்தும் உங்களிடம் கேட்கிறேன்.

உங்களில் ஒருவர் செய்தும் காட்டிவிட்டார். ராயல் ஆல்பர்ட் ஹால் 2025 அக்டோபரிலிருந்து தன் ராக், பாப் நிகழ்ச்சிகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டு தர முடிவெடுத்தது. 1871-ல் திறந்த, 5,000 பேர் சொச்சம் கொள்ளும் ஹால் அது. உங்களில் பலருடைய அரங்கத்தில் கால்வாசிதான் இருக்கும். அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் பிரான்சில் இசை நிகழ்ச்சி டிக்கெட்டுகளில் 3.5 சதவீதம் சட்டப்படியே எடுக்கப்பட்டு இசைத்துறைக்குத் திரும்பிப் போகிறது. அறுபது பவுண்டு டிக்கெட் என்றால் இரண்டு பவுண்டுக்கு மேல். நாம் கேட்பது அதில் பாதிகூட இல்லை.

பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்க லைவ் டிரஸ்ட் என்ற அமைப்பையும் உங்கள் துறையே உருவாக்கிவிட்டது. ஆகவே யாரிடம் கொடுப்பது, யார் கணக்கு பார்ப்பது என்ற கேள்வியும் இல்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்து நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் இந்த ஒரு பவுண்டைக் கட்டாய விதியாகச் சேருங்கள். டிக்கெட்டில் அதைத் தனி வரியாக, அது எங்கே போகிறது என்று தெரியும்படி அச்சிடுங்கள். வருடம் ஒருமுறை எவ்வளவு சேர்ந்தது, எந்த ஊரின் எந்த அரங்குக்கு எவ்வளவு போனது என்று வெளியிடுங்கள். முதலில் கூரை ஒழுகும் இடங்களுக்கும், ஒலிப்பெட்டி பழுதாகிக் கிடக்கும் இடங்களுக்கும், பயணப் பாதையிலிருந்து விழுந்துவிட்ட ஊர்களுக்கும் கொடுங்கள். முதன்முறையாக மேடையேறும் குழுக்களுக்கு வண்டி வாடகைக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

தமிழ் வாசகர்களே, நீங்கள் அடுத்த முறை பெரிய அரங்கம் எதற்கு டிக்கெட் வாங்கினாலும், இந்த ஒரு பவுண்டை ஏன் இன்னும் தரவில்லை என்று அந்த அரங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நிர்வாகிகளே, உங்கள் பதிலைப் பொதுவெளியிலேயே எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு ரசிகை